ஏணியின் அடியில் இருப்பவர்

சேலத்தில் எங்கள் வீட்டுச் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடியைச் சூடாகச் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. விடிவதற்குள் அம்மா மாங்காயையும் வெல்லத்தையும் சேர்த்து வேகவைத்து, நெய்யில் வறுத்த வேப்பம்பூவைத் தூவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவிடுவார். ஆனால் அப்பா வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் இலை முன் உட்காரக் கூடாது. அவர் வந்து சேரப் பத்து மணி ஆகும். சில ஆண்டுகளில் நண்பகலும் ஆகிவிடும். அதற்குள் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவின் மற்ற வீடுகளில் வடையும் பாயசமும் முடிந்து, தறிச் சத்தம் இல்லாத அந்த அபூர்வமான காலையில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சிகளிலிருந்தும் ஒரே பட்டிமன்றத்தின் கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்பா தீயணைப்பு வீரர். பெரும்பாலான ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டு விழும் அதே ஏப்ரல் 14ஆம் நாள்தான் நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுப்பதும், பள்ளி மைதானத்தில் எரிவாயு உருளையைப் பற்றவைத்து ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டுவதும் அந்த வாரத்தின் பிற்பகுதியில் நடப்பவை. முதல் நாள் காலை மட்டும் இறந்தவர்களுக்கு உரியது. நிலையத்தின் முற்றத்தில் ஒரு சிறிய நினைவுத்தூணை நிறுத்துவார்கள். சலவை செய்த காக்கி உடையில் எல்லாரும் வரிசையாக நிற்க, நிலைய அலுவலர் மலர் வளையம் வைப்பார். பிறகு சிறிது நேரம் மௌனம். அவ்வளவுதான். வெளியாள் என்று பார்த்தால் அநேகமாக ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் இருப்பார்; சில ஆண்டுகளில் அவரும் இருக்க மாட்டார்.

எட்டு வயதில் முதன்முதலாக அந்த முற்றத்துக்கு அப்பாவுடன் போனேன். யார் இறந்தார்கள் என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். "பம்பாயில கண்ணு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கப்பல்ல" என்றார். மேட்டூர் அணையைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்த்திராத எனக்கு, எங்கோ கடலில் இறந்தவர்களுக்காகச் சேலத்தில் ஏன் பூ வைக்க வேண்டும் என்பது புரியவில்லை. அந்தக் கப்பலின் கதையை அப்பா அதன்பின் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு விவரம் கூடுமே தவிர, குறைந்ததில்லை.

அந்தக் கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகீன். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று பம்பாயின் விக்டோரியா கப்பல்துறைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும் இருந்தன. போதாக்குறைக்கு எண்ணெய், மரம், கந்தகம், தங்கக் கட்டிகள். வெடிபொருள் ஏற்றி வரும் கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும் என்பது நடைமுறை. இந்தக் கப்பலில் கொடி இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

ஏப்ரல் 14 பிற்பகல் இரண்டு மணி அளவில் கப்பலின் சரக்கறை ஒன்றிலிருந்து புகை தெரிந்தது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள். எங்கே எரிகிறது என்பது அடர்ந்த புகையில் தெரியாமலேயே சுமார் 900 டன் தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். கப்பலுக்குள் தண்ணீர் கொதித்ததே தவிர, தீ அணையவில்லை. இது ஏன் என்பதை அப்பாவால் மற்ற எவரையும்விடத் தெளிவாக விளக்க முடியும். ஏனென்றால் நெசவும் நூற்பாலையும் நிறைந்த எங்கள் ஊர்ப்பக்கத்தில் பஞ்சுக் கிடங்குத் தீ என்பது அவர் பணிக்காலத்தில் அடிக்கடி பார்த்த ஒன்று. இறுக்கி அழுத்திய பொதியின் வெளிப்புறம் நனைந்து கறுத்து அணைந்தது போலக் கிடக்கும். உள்ளே கங்கு நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். பொதியை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்துப் போட்டு நனைத்தால்தான் உண்டு. வெடிபொருளுக்கு அருகில் அடுக்கிய பொதியை யார் போய் இழுப்பது?

கப்பலைத் துறைக்கு வெளியே இழுத்துப் போவதா, இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர்கள் எடுத்து முடிக்கவில்லை. 3.50க்குக் கப்பலைவிட்டு வெளியேற உத்தரவு வந்தது. 4.06க்கு முதல் வெடிப்பு, 4.34க்கு இரண்டாவது. ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும் சிம்லாவின் நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. இறந்தவர்கள் 800 பேருக்குக் குறையாது. சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்புப் படையினர். கரையிலும் கப்பலிலுமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். போர்க்காலத் தணிக்கை காரணமாக இந்தியப் பத்திரிகைகள் இதை எழுதவே மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஜப்பானியர் வசம் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாகச் சொல்லிவிட்டது. அவர்கள் இறந்த செய்தியைப் பகைவன் நாட்டு வானொலி அறிந்த பிறகும் சொந்த நாடு பேச முடியாமல் இருந்தது.

நான் நேரில், அதாவது தொலைக்காட்சி வழியாகப் பார்த்த பெருந்துயரம் இதற்கு நேர்மாறானது. அதில் எதுவுமே மறைக்கப்படவில்லை. மறைத்திருக்க வேண்டியதும் மறைக்கப்படவில்லை.

2008 நவம்பர் 26 புதன்கிழமை. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நிஷா புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. சேலத்தில் பெரிய மழை இல்லாவிட்டாலும் வானம் இரண்டு நாள்களாக மூடியே கிடந்தது. அந்த ஆண்டு மின்வெட்டு மிகுந்த ஆண்டு என்பதால், மின்சாரம் இருக்கும்போதே படித்து முடிக்க வேண்டும் என்று நான் வேதியியல் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தேன். இரவு பத்தரை மணிக்கு மேல் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து செய்தியைப் போடச் சொன்னார். மும்பை ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு என்று எழுத்துகள் ஓடின. முதலில் ஏதோ ரௌடிக் கும்பல்களின் சண்டை என்றுதான் சொன்னார்கள். நள்ளிரவுக்குள் தாஜ் ஓட்டல், ஓபராய், காமா மருத்துவமனை, நரிமன் இல்லம் என்று இடங்களின் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. மகாராஷ்டிரத்தின் பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே தலைக்கவசத்தை மாட்டும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் இறந்துவிட்டார் என்று கீழே எழுத்து ஓடியது. அவருடன் ஒரே வண்டியில் சென்ற அசோக் காம்தேயும் விஜய் சாலஸ்கரும் கொல்லப்பட்டிருந்தார்கள். அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். நான் படுத்தேனே தவிரத் தூங்கவில்லை.

மறுநாள் காலை அப்பா பணி முடிந்து வந்தார். நிலையத்தில் இரவு முழுவதும் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வந்தவர் குளிக்கக்கூடப் போகாமல், பிளாஸ்டிக் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு மிக அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாஜ் ஓட்டலின் மேல்மாடிகளிலிருந்து எழுந்த தீயையும், சன்னல்களில் நின்று கையசைத்தவர்களையும், அவர்களை இறக்குவதற்காக உயர்ந்த நீண்ட ஏணிகளையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலில் நின்ற ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தோளைத் தட்டி, திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"மேல பாக்காத கண்ணு. இங்க பாரு. வண்டி மேல கன்ட்ரோல்ல உக்காந்திருக்கான் பாரு, அவனப் பாரு."

சுழல் ஏணி வண்டியில் ஏணி பொருத்தப்பட்டிருக்கும் மேடை மொத்தமும் சுழலும். அதை இயக்குபவர் வண்டியின் பின்புறத்தில், ஏணியின் அடியிலேயே திறந்த வெளியில் இருந்தபடி, மேலே இருப்பவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கைப்பிடிகளை அசைக்க வேண்டும். ஏணியின் நுனியில் ஆள் இருக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அகலக் கூடாது. அகன்றால் மேலே இருப்பவருக்கு இறங்க வழி இல்லை. உள்ளே துப்பாக்கிச் சூடு நடக்கும் கட்டடத்தின் அடியில், சாலை நடுவே, வெளிச்சத்தில், முதுகை மறைக்க எதுவும் இல்லாமல் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை அப்பா சொல்லித்தான் நான் பார்த்தேன். "கமாண்டோக்காரங்க தூண் மறைவுல நிப்பாங்க. அதுதான் முறை. இவனுக்கு மறைவே கெடையாது" என்றார். அந்தக் காட்சி சில நொடிகளில் மாறிவிட்டது. வேறு அலைவரிசையில் அது வருகிறதா என்று அப்பா வெகுநேரம் தேடினார்.

இதற்கிடையே நிஷா 27ஆம் தேதி காரைக்கால் அருகே கரையைக் கடந்து டெல்டாவை மூழ்கடித்துவிட்டது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை என்றார்கள். வெள்ள மீட்புக்காக அப்பாவின் நிலையத்திலிருந்தும் சிலரைத் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பினார்கள். அப்பா கிளம்பும்போது தாஜ் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா இட்லியைக் கட்டிக்கொடுத்தார். வேறு யாரும் எதுவும் பேசியதாக நினைவில்லை. 28ஆம் தேதி இரவு ஏதோ ஓர் ஊரின் தொலைபேசிக் கடையிலிருந்து அழைத்தார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா என்று அம்மா கேட்ட கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிடச் சொல்லி, "அந்த ஏணி வண்டிக்காரங்க எல்லாரும் நல்லாருக்காங்களா? டிவில சொன்னாங்களா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். எதிர்முனையில் மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

29ஆம் தேதி காலை தாஜில் எல்லாம் முடிந்தது. 166 பேர் உயிரிழந்திருந்தார்கள். அடுத்து வந்த நாள்களில் ஒவ்வொரு பெயராக அறிந்துகொண்டோம். தேசியப் பாதுகாப்புப் படையின் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் தாஜிலும், ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட் நரிமன் இல்லத்திலும் இறந்திருந்தார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் விஷ்ணு ஜெண்டே என்ற அறிவிப்பாளர், ஒலிபெருக்கி அறையைவிட்டு ஓடாமல், எந்த வழியாகப் போக வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது தெரியவந்தது. எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பெயர் துக்காராம் ஓம்ப்ளே. மும்பைக் காவல் துறையில் உதவி சார் ஆய்வாளர். கிர்காவ்ம் சௌபாத்தி அருகே காரில் வந்த தாக்குதல்காரர்கள் இருவரை மறித்தபோது அவர் கையில் இருந்தது லத்தி மட்டும். அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, குண்டுகள் தன் உடலுக்குள் பாய்ந்த பிறகும் விடவில்லை. அவர் விடாததால்தான் மற்றக் காவலர்கள் கசாபை உயிருடன் பிடிக்க முடிந்தது. அன்று நடந்தவை யாருடைய ஏற்பாடு என்பதை உலகம் அறிய முடிந்ததற்கு அந்தப் பிடி ஒரு முக்கியக் காரணம். 2009 குடியரசு நாளில் அவருக்கும், மேலே சொன்ன ஐந்து காவல், ராணுவ வீரர்களுக்கும் அசோக சக்கர விருது வழங்கப்பட்டது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் அந்த மூன்று நாள்களும் நேரலையில் பார்த்ததைத்தான் எல்லைக்கு அப்பால் இருந்து தாக்குதலை நடத்தியவர்களும் பார்த்தார்கள். கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சிகளை இதற்காகக் கடுமையாகக் கண்டித்தது. அந்த நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தக் கண்டனத்தில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தக் குடியரசு நாளுக்கு என் பள்ளியில் மும்பை வீரர்களைப் பற்றிப் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று பக்கம் எழுதி, பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். "உயிரைத் துச்சமென மதித்து" என்று நான் எழுதியிருந்த வரியை அவர் பேனாவால் அடித்தார்.

"துச்சம்னு நெனைக்கறவன் எவனும் ஹெல்மெட் மாட்ட மாட்டான் கண்ணு. கயித்துல முடிச்சு சரியா இருக்கான்னு ரெண்டு தடவ பாக்க மாட்டான்."

"தியாகம் செய்யச் சென்றார்கள்" என்பதையும் அடித்து, "வேலைக்குப் போனார்கள்" என்று எழுதினார். எனக்கு அப்போது கோபம் வந்தது. மேடையில் அப்படிப் பேசினால் யார் கைதட்டுவார்கள் என்று வாதாடினேன். இறுதியில் என் வரிகளையே பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவருடைய திருத்தங்கள் சரியானவை என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கர்கரே தலைக்கவசம் மாட்டும் அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வர நினைத்தவர்தான் அதை மாட்டினார். விக்டோரியா துறையில் குழாய் பிடித்த 66 பேரும் மாலையில் வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தார்கள். அவர்கள் விரும்பிச் சாவைத் தேடிப்போனதாகச் சொல்லிவிட்டால், கொடி ஏன் பறக்கவில்லை, பருத்தியையும் வெடிபொருளையும் ஒன்றாக அடுக்கியது யார், லத்தியை மட்டும் கொடுத்து ஒருவரை ஏன் நிறுத்தினோம் என்ற கேள்விகளைக் கேட்காமலே மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். அப்பா அந்த வசதியை யாருக்கும் கொடுக்க விரும்பவில்லை.

அப்பாவின் பணியில் துப்பாக்கி இல்லை, கப்பலும் இல்லை. சேலம் மாவட்டத்தில் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை கிணற்று அழைப்புகள். மாடு விழும், ஆடு விழும், குடித்துவிட்டு ஆள் விழுவார், மனம் வெறுத்து யாராவது குதிப்பார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டித் தோண்டிய ஆழக் கிணறுகள். நீண்ட நாள் பயன்படாமல் கிடந்தால் அடியில் விஷக்காற்று தேங்கியிருக்கும். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அது அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஒரு கோடையில், விழுந்த சிறுவனைத் தூக்க இறங்கிய அப்பாவின் தோழர் பாதி வழியில் நினைவிழந்துவிட்டார். மேலே கயிற்றின் பிடி அப்பாவிடம் இருந்தது. உதவிக்கு ஊர்க்காரர்கள் ஓடி வருவதற்குள் கயிறு அவர் உள்ளங்கைகளை அறுத்துக்கொண்டு சில அடி ஓடியது. அவர் விடவில்லை. சிறுவனும் தோழரும் பிழைத்தார்கள். அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஒரு வெளுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது அதை ஆயுள் ரேகை என்று நினைத்திருந்தேன். தாஜின் அடியில் கைப்பிடியைப் பற்றியிருந்த அந்த முகம் தெரியாத மனிதரை அப்பா ஏன் அப்படித் தேடினார் என்பதற்கு அவர் தனியாக விளக்கம் தந்ததில்லை. தழும்பைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டதுதான்.

சில ஆண்டுகள் அவருக்கு ஏற்காட்டில் பணி. சேர்வராயன் மலையில் கோடை தொடங்கியதும் சருகு காய்ந்து, மலைப்பாதையில் போகிறவர்கள் வீசும் ஒரு பீடித் துண்டு போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வண்டி வந்தாலும், தண்ணீர்க் குழாய் எட்டுவது சாலையோரம் வரைதான். அதற்கப்பால் வனத்துறையினரும் எஸ்டேட் தொழிலாளர்களும் தீயணைப்பு வீரர்களும் பச்சைத் தழைக் கிளையை ஒடித்து அடித்தே அணைக்க வேண்டும். இரவில் சேலத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் மலையில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். தெருப்பிள்ளைகள் அதை அழகு என்பார்கள். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

பண்டிகைகளுக்கும் இந்தத் துறைக்கும் ஏதோ பகை இருப்பதாக அம்மா நம்புகிறார். 2012இல் மாட்டுப் பொங்கல் அன்று விடியும் முன், சென்னை எழிலகம் வளாகத்தில் நவாப் காலத்துக் கட்டடமான கலச மகால் தீப்பிடித்து எரிந்தது. கூரை இடிந்து விழுந்ததில் முன்னணித் தீயணைப்போர் ஒருவர் இறந்தார். பணியை முன்னின்று நடத்திய கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயங்களுடன் மருத்துவமனையில் நாள்கணக்கில் போராடி, பிறகு பணிக்குத் திரும்பினார். 2020 தீபாவளியை ஒட்டி மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஒரு துணிக்கடையின் பழைய கட்டடத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன இருவர், சுவர் இடிந்து உயிரிழந்தார்கள். இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது பழைய கட்டடம். வெளியே இருந்து பார்த்தால் சுண்ணாம்புச் சுவர் உறுதியாகத் தெரியும். உள்ளே உத்தரம் எரிந்து கரியாகி, ஊற்றிய தண்ணீரையும் குடித்துக் கனத்துப்போயிருக்கும் என்று அப்பா சொல்வார். எங்கள் ஊரிலும் கடைவீதியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் குறுகலான மரப்படிகளில் ஏறித் துணி எடுக்கும்போதெல்லாம் என் கண் தானாக உத்தரத்துக்குப் போய்விடுகிறது.

காவல் துறையினருக்கு இத்தகைய நாள் அக்டோபர் 21. 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட 10 காவலர்களின் நினைவில் தொடங்கியது. தில்லி சாணக்கியபுரியில் 2018இல் அவர்களுக்குத் தேசிய நினைவிடமும் திறக்கப்பட்டது. அந்த நாளில் அவ்வாண்டு இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் வாசிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மரியாதை அதுதான். பதக்கத்தையும் வேட்டுச் சத்தத்தையும்விட, பெயரை முழுமையாக உச்சரிப்பது. தீயணைப்பு நிலையங்களிலும், கிணற்றில் இறங்கியவர் எத்தனை அடி ஆழத்தில், எதனால் இறந்தார் என்பதையும் சேர்த்து அப்படி வாசித்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலி அதிகம். ஆனாலும் சித்திரை முதல் நாள் காலையில் வெள்ளை வேட்டி சட்டையில் தயாராகிவிடுவார். நான் வண்டியில் அழைத்துப்போக வேண்டும். இந்த ஆண்டும் போனோம். முற்றத்தில் அதே சிறிய தூண். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள். மௌனம் கலைந்ததும் அவர்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, ஐயா, ஐயா என்று நலம் விசாரித்தார்கள். பிறகு, வாரத்தின் செயல்விளக்கத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்காக வண்டியிலிருந்து நீட்டு ஏணியை இறக்கி நிலையத்தின் மாடிச் சுவரில் சாத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் ஏறத் தொடங்கினார். அடியைப் பிடித்திருந்தவரைப் பார்த்து, வாட்ச் ரூமிலிருந்து யாரோ தொலைபேசி என்று கூப்பிட, அவர் ஒரு கணம் திரும்பினார்.

அந்த ஒரு கணத்துக்குள், நாற்காலியிலிருந்து எழவே என் கையைப் பிடித்துக்கொள்ளும் அப்பா, எப்படி எழுந்தார், எப்படி நடந்தார் என்று தெரியவில்லை. ஏணியின் அடிக்கட்டையில் காலை முட்டுக்கொடுத்து, இரு கைகளாலும் பக்கச் சட்டங்களைப் பற்றி, அண்ணாந்து நின்றிருந்தார். திரும்பியவர் பதறிப்போய், "நீங்க விடுங்க ஐயா, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

"மொதல்ல அவன் எறங்கட்டும்" என்றார்.

இளைஞர் மாடி விளிம்பைத் தொட்டு, நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கி, இரு கால்களும் தரையில் ஊன்றிய பிறகே அப்பா கையை எடுத்தார். நாங்கள் வீடு திரும்பியபோது பதினொன்றரை. பச்சடியை அம்மா மூடி வைத்திருந்தார்.